தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள்

போன மாதம் ராதாபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஒரு விவாதம். வாகைக்குளம் விமான நிலையத்தின் புது முனையத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தம்பி, கையை ஆட்டி ஆட்டி வர்ணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இனிமே மெட்ராஸ் நமக்கு ஒண்ணரை மணி நேரந்தான். காலையில இட்லி இங்க, மத்தியானச் சாப்பாடு அங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "தம்பி, இங்க இருந்து வாகைக்குளத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கெடக்கு, ஒரு தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்" என்றார்.

நான் கேட்டது மணி, அவர் சொன்னது கிலோமீட்டர். அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆகாயத்தில் போகிற தூரத்தை மணியில் சொல்கிறோம், தரையில் போகிற தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிறோம். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிப் பார்ப்பதில்லை. அப்படிக் கூட்டாமல் விட்டதால் எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் ஆறாத காரியமாகப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஊர்க் கணக்கு, அப்புறம் வீட்டுக் கணக்கு.

ராதாபுரத்துக்காரர்களுக்கு இரண்டு விமான நிலையங்கள். வடகிழக்கே வாகைக்குளம், அதாவது தூத்துக்குடி விமான நிலையம். மேற்கே திருவனந்தபுரம். மதுரை மூன்றாவது, அதை இங்கே சேர்க்கவில்லை. வாகைக்குளத்துக்கு 1992-இல் விமானம் வந்தது, பிறகு நின்றது, 2006-இல் மறுபடி வந்தது. இப்போது ஓடுதளத்தை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, சுமார் 450 கோடி ரூபாயில் 17,340 சதுர மீட்டருக்கு முனையம் கட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். திருவனந்தபுரம் பழைய நிலையம். 1935-லேயே பம்பாயிலிருந்து தபால் விமானம் வந்து இறங்கிய இடம். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பழகிய வாசல்.

படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் ராதாபுரத்திலிருந்து வாகைக்குளம் 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திருவனந்தபுரம் 90-க்குச் சற்றுக் குறைவு. சாலையில் போனால் முதலாவது வள்ளியூர், நாங்குநேரி, பாளையங்கோட்டை சுற்றி 90-ஐத் தொடும். இரண்டாவது 100-ஐத் தாண்டும். காரில் போனாலும் முதலாவதற்கு இரண்டு மணி நேரம், இரண்டாவதற்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒருநாள் சும்மா கணக்குப் போட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? பறவை வழியில் சுமார் 125 கிலோமீட்டர். சாலை வழியில் சுமார் 175. ஒன்றிலிருந்து மற்றதற்கு நேர் விமானம் கிடையாது. 'நான் விமானத்தில்தான் போவேன்' என்று ஒருவர் அடம் பிடித்தால், வாகைக்குளத்தில் ஏறிச் சென்னை போய், அங்கே மாறித் திருவனந்தபுரம் வரவேண்டும். வடக்கே 525, தெற்கே 610. 125 கிலோமீட்டரைக் கடக்க 1,100 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும்! நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். அதற்குள் நாகர்கோவில் வழியாகப் பஸ் பிடித்துப் போனவர், போய்ச் சேர்ந்து, குளித்து, பத்மநாபசாமியையும் கும்பிட்டு முடித்திருப்பார்.

நம் மாவட்டத்தில் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். அடுத்த மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இருபது நிமிடத்தில் வானத்துக்குப் போகிற வித்தை நம்மைச் சுற்றித்தான் நடக்கிறது. நாம் மட்டும் விமானம் ஏற மூன்று மணி நேரம் தரையில் உருள வேண்டியிருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்பா புதுச்சேரியில் மளிகைக்கடை வைத்திருந்த காலம். பள்ளிக்கூடத்தில் பூகோளம்கூடப் பிரெஞ்சில்தான். இரண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரத்தைக் கேட்டால், வாத்தியார் உடனே, "எந்தத் தூரம்? அ வோல் துவாஸோவா, சாலை வழியா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'பறவை பறக்கிற வழியில்' என்று அர்த்தம். பறவையின் தூரத்துக்கு ஒரு மார்க்கு, மனுஷன் தூரத்துக்கு ஒரு மார்க்கு. இரண்டையும் எழுதினால்தான் முழு மார்க்கு.

மீட்டர் அளவு பிறந்ததும் பிரான்ஸில்தான். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வதாக, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் முடிவு செய்தார்கள். அதற்காகத் துன்கெர்க் என்ற வடக்குத் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினில் உள்ள பார்சிலோனா வரை நிலத்தை அளக்கத் தெலாம்பிர், மெஷான் என்று இரண்டு வானியல் அறிஞர்களை 1792-இல் அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்களாம். முடிய 1798 ஆகிவிட்டது. நடுவில் புரட்சி, போர், சந்தேகப்பட்டு மறித்த ஊர்க்காரர்கள், காய்ச்சல், விபத்து. உலகத்துக்கே தூரத்தை அளந்து கொடுத்தவர்களுக்குத் தங்கள் பயணம் எத்தனை நாள் பிடிக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது என்பது தெரிய ஐம்பது வருடம் ஆனது.

கோடை விடுமுறைக்கு ராதாபுரம் வந்தால் இங்கே வேறு கணக்கு. மாமா மைலில் பேசுவார். ஆச்சிக்கு மைலும் கிடையாது, கிலோமீட்டரும் கிடையாது. "ரெண்டு வெத்தல போடுத நேரத்துல போயிரலாம்", "வெயில் ஏறுமுன்ன போய்ச் சேந்துரலாம்" என்பாள். ஏதோ படிக்காத கிழவியின் பேச்சு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பழைய தமிழ்க் கணக்கிலேயே தூரத்துக்கு 'நாழிகை வழி' என்று ஓர் அளவு உண்டு. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவு போகலாமோ அதுதான் ஒரு நாழிகை வழி. அப்படி ஏழு சேர்ந்தால் ஒரு காதம், சுமார் பத்து மைல். நம் முன்னோர் தூரத்தை நேரத்தில் அளந்திருக்கிறார்கள். நடக்கிறவனுக்கு வேண்டியது அதுதானே!

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட நான், அரசாங்க வேலைக்கு வந்து என்ன செய்தேன்? பயணப்படிப் பட்டியலைச் சரிபார்க்கும் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தேன். விதிப்படி குறுகிய வழிக்குத்தான் படி. ஒரு சர்வேயர் சுற்று வழியில் போனதாக எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தேன். குறுக்குப் பாதை ஒன்று இருந்தது, ஆறு கிலோமீட்டர் குறைவு. சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் குறைத்துவிட்டேன். அவர் என் மேஜைக்கு வந்து, "சார், அந்த வழியில பஸ்ஸே கெடையாதே. நான் என்ன பறந்தா போவேன்?" என்று கேட்டார். நான் விதியைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். தொகை சில ரூபாய்தான். ஆனால் மனுஷன் தூரத்தைக் கேட்ட ஆளுக்கு நான் பறவையின் தூரத்தைக் கொடுத்தேன். வாத்தியார் பார்த்திருந்தால் பாதி மார்க்குதான் போட்டிருப்பார்.

இப்போது வீட்டுக் கணக்கு. 2017 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அம்மா போய்ச் சேர்ந்தாள். வயது 91. நிறைவான சாவுதான். ஒரே மகள் என் அக்கா. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பிரான்ஸ் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தான் காலமான பிறகு மகனோடு துலூஸ் நகரத்தில் இருந்தாள். விமானங்களைப் பூட்டிப் பறக்கவிடுகிற பெரிய தொழிற்சாலைகள் உள்ள ஊர் அது. மருமகனுக்கும் அந்தத் தொழிலில்தான் வேலை.

சேதி சொன்னவுடன் அவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்ப்யூட்டரில் தேடி டிக்கெட் போட்டான். துலூஸிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து வளைகுடா, அங்கிருந்து திருவனந்தபுரம். அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் குறித்தேன். ஒன்றே கால் மணி, ஆறரை மணி, நாலு மணி. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் காலை ஏழரைக்கு இறக்கம். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு அக்கா வாசல்ல நிப்பா" என்று வந்திருந்த பெரியவர்களிடம் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. ஐஸ் பெட்டி வந்தது.

நான் குறிக்காமல் விட்டது ஒன்று. துலூஸிலிருந்து வருகிற விமானம் பாரிஸில் இறங்கியது ஓர்லி நிலையத்தில். அடுத்த விமானம் புறப்பட்டது சார்ல் த கோல் நிலையத்தில். ஒன்று ஊருக்குத் தெற்கே, இன்னொன்று வடகிழக்கே. பறவைக்கு 34 கிலோமீட்டர். அக்காவுக்கு வயது 69, முழங்கால் வலி, கையில் ஒரு பெட்டி. ஓர்லியிலிருந்து அந்தோனி என்ற நிறுத்தம் வரை ஒரு சின்ன ரயில், அங்கே மாறி, பாரிஸ் நகரத்தின் அடிவயிற்றில் புகுந்து மறுபுறம் வெளியே வரும் இன்னொரு ரயில். பெட்டி வரத் தாமதம், ரயில் மாறத் தாமதம், நிலையத்துக்குள் நடந்து முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். விமானம் அங்கேதான் நிற்கிறது, ஏற முடியாது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் யாரையும் கேட்கவும் வழியில்லை. மருமகன் வேறு டிக்கெட் போட்டு, ராத்திரி விமானத்தில் ஏற்றினான்.

புதுக் கணக்குப்படி திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திருவனந்தபுரம். நான் மறுபடியும் பென்சிலை எடுத்தேன். நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். "அஞ்சு மணிக்கு வந்துருவா" என்றேன். இரண்டாவது முறையும் அதே தப்பு. பெரியவர்கள், "சரி, ஆறு மணி வரைக்கும் பாப்போம். விளக்கு வைக்கிறதுக்கு முன்ன எடுத்துரணும்" என்றார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது.

அக்கா வெளியே வரவே நாலு மணி. நெய்யாற்றின்கரை தாண்ட ஐந்தேகால். மார்த்தாண்டத்தில் அப்போது மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு அங்கிருந்து போன். "தம்பி, வண்டி நவுரவே மாட்டேங்கு." நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். நீர்மாலை எடுத்து வந்துவிட்டார்கள். மகள் கொண்டுவர வேண்டிய குடத்தைச் சித்தப்பா மகள் கொண்டுவந்தாள். ஆறு மணிக்கு எடுத்தோம்.

தக்கலை, நாகர்கோவில், காவல்கிணறு, வடக்கன்குளம் எல்லாம் தாண்டி அக்கா வந்து சேர்ந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து உட்கார்ந்திருந்தோம். ஐஸ் பெட்டியை இன்னும் எடுத்துப்போகவில்லை. படியேறி வந்தவள் அதைத்தான் பார்த்தாள். கோபப்படவில்லை, சத்தம் போட்டு அழவில்லை. என்னைப் பார்த்து, "அஞ்சு மணின்னு நீதானே தம்பி சொன்ன" என்றாள். அவ்வளவுதான்.

துலூஸில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து எங்கள் வாசல் வரை 33 மணி நேரம். அதில் ஆகாயத்தில் போனது எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அது சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி போயிற்று. கவிழ்த்தது தரையில் இருந்த இரண்டு துண்டுகள். பாரிஸில் 34 கிலோமீட்டர், இங்கே நூற்றுச் சொச்சம்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஜெர்மனியில் ஹான் என்று ஒரு விமான நிலையம். பழைய ராணுவ ஓடுதளம். பிராங்க்பர்ட் பெயரையும் சேர்த்துத்தான் அதை அழைத்தார்கள். பிராங்க்பர்ட் நகரமோ அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர்! வள்ளியூரில் ஒரு நிலையம் கட்டி மதுரை என்று பெயர் வைத்தால் எப்படியோ அப்படி. டிக்கெட் மலிவு, இறங்கினால் நடுக்காடு. அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் 2021-இல் திவாலானது. பாரிஸ் பெயரோடு உள்ள போவே நிலையமும் பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விமான நேரத்தை ஒட்டிப் பாரிஸுக்குப் பஸ் விட்டார்கள். தூரம் குறையவில்லை, திகைப்பு குறைந்தது. ஓர்லிக்கும் 2024 ஜூன் மாதத்தில் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. அக்காவுக்கு ஏழு வருடம் தாமதமாக.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் யாழ்ப்பாணம். பலாலியிலிருந்து சென்னை பறவை வழியில் சுமார் 355 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரத்துச் சங்கதி. போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்த வழி பல வருடம் மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வரவேண்டுமென்றால், சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், கட்டுநாயக்காவில் ஏறி, வந்த வழிக்கு மேலேயே திரும்ப வடக்கே பறக்க வேண்டும். 2019 அக்டோபரில் பலாலியைச் சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை விமானம் வந்திறங்கியபோது, அவர்களுக்குக் குறைந்தது கிலோமீட்டர் இல்லை, ஒரு ராத்திரியும் ஒரு பகலும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் டீக்கடையில் உடனே ஒருவர், "அப்பம் நம்ம பக்கத்துலயே ஒரு ஏர்போர்ட் கேட்டுர வேண்டியதுதான" என்கிறார். நான் அதற்கு உடன்படவில்லை. ஓடுதளம் போட்டுவிட்டால் விமானம் வந்து நிற்கும் என்பது இல்லை. வாகைக்குளமே 1992-க்கும் 2006-க்கும் நடுவில் எத்தனை வருடம் சும்மா கிடந்தது! சேலத்தில் 1993-இல் நிலையம் திறந்தார்கள். விமானம் வருவதும் நிற்பதுமாக, கடைசியாக 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. இருக்கிற நிலங்களையும் குளங்களையும் இன்னொரு ஓடுதளத்துக்குக் கொடுத்துவிட்டு அதற்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். இரண்டு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றுக்குப் போகிற வழிதான் இல்லை.

நான் கேட்பது மூன்று.

ஒன்று, பஸ். வள்ளியூரில் புறப்பட்டு நாங்குநேரி வழியாக வாகைக்குளம் முனைய வாசல் வரை, விமான நேரத்தை ஒட்டி ஒரு பஸ். திசையன்விளையிலிருந்து சாத்தான்குளம் வழியாக இன்னொன்று. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சர்வதேச முனையத்துக்கு மற்றொன்று. குளிர்சாதனம் வேண்டாம். விமானம் தாமதமானால் அதுவும் காத்திருக்க வேண்டும், அது போதும். இன்றைக்கு வாடகைக் கார் வைத்துப் போய்வந்தால், சில நாள் சென்னை விமான டிக்கெட்டைவிட அதிகம் ஆகிறது. 450 கோடிக்கு முனையம் கட்ட முடிந்த நாட்டில் நாலு பஸ் பெரிய செலவா?

இரண்டு, சாலை. கேரளப் பக்கம் கழக்கூட்டத்திலிருந்து நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டே நம் எல்லைப் பக்கம் வந்துவிட்டார்கள். களியக்காவிளைக்கு இப்பால் நம் பக்க வேலை வருடக்கணக்காக இழுக்கிறது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் 2018-இலேயே வந்துவிட்டது. பாலத்திலிருந்து இறங்கியவுடன் மறுபடி அதே நெரிசல்.

மூன்று, செலவே இல்லாதது. தூரத்தை நேரத்தில் சொல்லுங்கள். மேடையில் பேசுகிறவர்களும், பத்திரிகையில் எழுதுகிறவர்களும், 'சென்னை ஒன்றரை மணி நேரம்' என்று சொல்லாமல் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குச் சொல்லட்டும். ராதாபுரத்திலிருந்து வாகைக்குளம் இரண்டு மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பது ஒன்றரை. இறங்கிப் பெட்டி எடுத்து மெட்ரோவில் ஊருக்குள் போக ஒன்றரை. ஆறரை மணி நேரம். காலை இட்லி இங்கே சாப்பிட்டவருக்கு மத்தியானச் சாப்பாடு அங்கே கிடைக்காது, சாயங்காலக் காப்பிதான். வள்ளியூரில் சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால், விடியும்போது எழும்பூர் வந்துவிடுகிறது. எது யாருக்கு லாபம் என்று அவரவர் முடிவு செய்யலாம். ஆனால் முழுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கடைசியாக, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், நிலையத்தின் பெயரைப் பாருங்கள். பாரிஸ், லண்டன் போன்ற ஊர்களில் நிலையம் ஒன்றுக்கு மேல். இறங்குவதும் ஏறுவதும் வேறு வேறு நிலையம் என்றால், நடுவில் ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும். கூடியவரை ஒரே டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று தவறினால் அடுத்ததற்கு அவர்களே பொறுப்பு ஏற்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் ஓடுதளத்துக்கு அந்தப்புறம் சாக்கைப் பக்கம். அழைக்கப் போகிறவர் எந்த வாசல் என்று கேட்டுக்கொண்டு போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானம் இறங்குகிற நேரத்தை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். காலண்டரில் தேதி குறிக்கிற நல்ல காரியத்துக்குத் தாமதத்தைப் பொறுக்கலாம். மற்றதற்கு முடியாது.

அந்த சர்வேயரை இரண்டு வருடத்துக்கு முன் வள்ளியூர்ச் சந்தையில் பார்த்தேன். பழைய கதையைச் சொல்லி, "அன்னைக்கு நான் வெட்டுனது தப்பு" என்றேன். அவருக்கு நினைவே இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

வருகிற மாசியில் அம்மாவின் திதிக்கு அக்கா வரப்போகிறாள். இப்போது அவளுக்கு வயது 77. போன வாரம் போனில், "எத்தனை மணி நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு முழுத் தாள் எடுத்து, துலூஸ் வீட்டுக் கதவிலிருந்து எங்கள் திண்ணை வரை ஒவ்வொரு துண்டையும் எழுதி, தரையில் போகிற நேரங்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூட்டிப் போட்டு, மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இருபத்தேழு மணி நேரம் அக்கா. முப்பதுன்னு வச்சுக்கோ."

"அப்பம் ரெண்டு நாள் முன்னாடியே கெளம்புதேன்" என்றாள்.